மாட்டுக் கொட்டிலுக்குள் நின்ற மைல்கட்டை

சண்டிலிப்பாய்ப் பக்கத்துக் கதியால்களுக்குக் கால் உண்டு. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கிளுவைத் தடியை வெட்டி, மாரிக்கு முன் வேலிக்குக் கதியாலாக ஊன்றிவிட்டால் அது மழை ஈரத்தில் வேர் விடும், தளிர் விடும், அடுத்த வருடம் வேலி அடைக்கிற நேரம் பார்த்தால் ஒரு சாண் முன்னுக்கு வந்து நிற்கும். எப்போதும் முன்னுக்குத்தான். பின்னுக்கு நடந்த கதியாலை அந்தப் பகுதியில் ஒருவரும் கண்டதில்லை, ஆழ்வாப்பிள்ளையின் கதியால்கள் நடந்து காட்டும் வரைக்கும்.

ஆழ்வாப்பிள்ளை புகையிலைத் தோட்டக்காரர். நெடுவல் மனுசன். வாயில் சுருட்டு இல்லாமல் அவரைக் கண்டவர்கள் அவரைப் பெற்றவர்கள் மட்டும்தான். பக்கத்துக் காணித் தென்னையின் நிழல் தன் தோட்டத்தில் விழுந்தால், அந்த நிழலுக்கும் நியாயம் கேட்கிற ஆள். மற்றபடி கெட்டவர் என்று சொல்ல முடியாது. பழைய அரசாங்க றோட்டு வளைந்து திரும்புகிற மூலையில் அவருடைய காணி இருந்தது. அது அவருடைய பிழை இல்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருடைய பிழை.

அந்த றோட்டு வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து வந்து, தோட்டங்களுக்குள்ளால் வளைந்து, சந்தைக்குப் போகிற பெரிய றோட்டில் ஏறும். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகுமாம், வண்டிக்காரன் நித்திரையும் கொள்ளலாமாம். அவ்வளவு அகலம். திருப்பத்தில் ஒரு மைல்கட்டை நின்றது. பள்ளிக்கூடம் போகிற பெட்டைகள் அதில் ஏறியிருந்துதான் பஸ் பார்ப்பார்கள்.

பிறகு தெற்குப் பக்கமாக நேரான றோட்டு ஒன்று வந்தது. பஸ் அங்கே மாறியது. எண்பத்து மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் றோட்டு வேலை பார்க்கிற ஓவசியர் ஒருவர் இரண்டு கூலியாட்களோடு வந்து, வழிகாட்டும் இரும்புப் பலகையைக் கழற்றினார். மைல்கட்டையையும் கிளப்பப் பார்த்தார்கள். தோண்டத் தோண்ட அது கீழே போய்க்கொண்டே இருந்தது. பாதாளத்தில் யாரோ அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஓவசியர் வேர்வையைத் துடைத்தார்.

“கிடக்கட்டும். இனி இந்த றோட்டு எங்கடை இல்லை.”

“அப்ப ஆரின்ரை?” என்று வேலிக்கு மேலால் கேட்டார் ஆழ்வாப்பிள்ளை.

“ஆருக்குத் தெரியும்!” என்று சொல்லிவிட்டு ஓவசியர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அந்தப் பதில் போதும். அந்த ஆடியில் நாட்டின் தெற்கில் தமிழர் வீடுகள் எரிந்து சனம் கப்பலில் வந்து இறங்கியது. ஊர் முழுவதும் அந்தக் கவலையில் இருந்தது. புரட்டாசியில் ஆழ்வாப்பிள்ளையின் கதியால்கள் முதலடி எடுத்து வைத்தன. எதிர்க்காணி ஏரம்பு அதைப் பார்த்தார். ஏரம்புவும் புகையிலைக்காரர்தான்; ஆழ்வாப்பிள்ளை தும்மினால் இவர் இருமுவார். அடுத்த வருடம் அவருடைய கதியால்களும் நடக்கத் தொடங்கின. மேலும் கீழும் இருந்தவர்கள் கைகட்டிக்கொண்டு இருப்பார்களா? றோட்டு இரண்டு பக்கத்தாலும் மெலிந்தது. தார் கிளம்பிய இடத்துக் கல்லுகள் கிணற்றடிகளுக்குப் போயின.

எண்பத்தைந்தில் மைல்கட்டை ஆழ்வாப்பிள்ளையின் வேலிக்கு உள்ளே நின்றது.

“இஞ்சாருங்கோ, உது அரசாங்கக் கல்லு. நாளைக்கு ஆரும் வந்து கேட்டால்?” என்றாள் மனைவி மீனாம்பிகை.

“ஆர் வாறது?” என்றார் அவர். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம். கல்லைச் சுற்றிக் கிடுகு வேய்ந்து ஒரு மாட்டுக் கொட்டில் போட்டார். சிவத்தப் பசுவைக் கல்லிலேயே கட்டினார். “பாத்தீரே, மாடு இழுத்தாலும் அசையாது. மாடு கட்டத்தான் நட்டிருக்கிறான் வெள்ளைக்காரன்.”

எண்பத்தேழில் இந்திய ஆமி வந்தது. அவர்களிடம் ஒரு பழைய வரைபடம் இருந்தது. அதில் அந்த றோட்டு ஒரு பெருவிரல் தடிப்பில் கிடந்தது. பென்னாம் பெரிய லொறி ஒன்று அதை நம்பித் திருப்பத்துக்கு வந்து மூக்கை வேலிக்குள் விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. அதிகாரி இறங்கினார். வரைபடத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தும் றோட்டு வரவில்லை. லொறி பின்னுக்குப் போனது.

அதற்குப் பிறகு ஆழ்வாப்பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. “என்ரை வேலி மறிச்ச ஆமியடா!” என்று சந்தையிலும் கோயிலிலும் சொன்னார். ஒருநாள் யாரோ, “உந்த மூலையிலை ஒரு மைல்கட்டை நிண்டதல்லே, அது எங்கை?” என்று கேட்டபோது, வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே, “அதை அவங்கள் கிளப்பி லொறியிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்,” என்றார். வாய்க்கு வந்த பொய். ஆனால் அதற்கும் கால் முளைத்தது. அந்த வருடம் முடிவதற்குள் கல் கப்பலேறி, டில்லியில் இறங்கி, அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதாக ஊரில் கதை. டில்லிக்காரர் வரிசையில் நின்று பார்க்கிறார்களாம். கல்லோ கொட்டிலுக்குள் நின்று, மாடு கழுத்தைத் தேய்க்கத் தேய்க்க மினுங்கிக்கொண்டிருந்தது.

இந்திய ஆமி திரும்பிப் போன பிறகு நாட்டில் இரண்டாம் முறை சண்டை வந்தது. பெற்றோல் இல்லை. ஊரில் மிச்சமிருந்த பழைய கார்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர் பிடித்து, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின. தொண்ணூற்றொன்றில் ஆழ்வாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு வரிசை புகையிலை வைத்தால் என்ன என்று ஒரு நினைப்பு. வேலியை அந்த முறை சாண் கணக்கில் அல்ல, முழக் கணக்கில் தள்ளினார். முள்ளுக்கம்பியைத் தன் கையாலேயே இறுக்கி முறுக்கினார்.

அடுத்த மாதம், கார்த்திகையில் ஒரு மத்தியானம், அதே றோட்டில் உள்ளுக்கு இருந்த குணலட்சுமிக்குப் பிள்ளை நோ எடுத்தது. குணலட்சுமி அந்த ஊரில் பிறந்தவள். தாய் தந்த சீதன வீட்டில் இருந்தாள். புருசன் இராசநாயகம் மருதனார்மடத்து ஆள், அங்கே சந்தையில் மரக்கறி வியாபாரம், கல் கொட்டிலுக்குள் மறைந்த பிறகு இந்த ஊருக்கு வந்தவர். கலியாணமாகி எத்தனையோ வருடம் கோயில் கோயிலாக நடந்து தரித்த பிள்ளை. பண்டத்தரிப்புச் செபநாயகம் தன் ஒஸ்ரின் காரோடு வந்து அவளையும் இராசநாயகத்தையும் ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்டார். திருப்பம் வரைக்கும் வந்தார். திருப்பத்தில் கார் இரண்டு வேலிக்கும் நடுவில் ஆப்பு இறுக்கியதுபோல் இறுகிவிட்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. இயந்திரமும் ஒருமுறை விக்கி நின்றுபோனது. கதியால்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றதால் ஒரு கதவும் திறக்கவில்லை.

செபநாயகம் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினார். “வேலிக்காரர் ஆரெண்டாலும் ஓடி வாங்கோ! மாதாவே, உள்ளுக்கை பிள்ளைத்தாச்சி!”

ஆழ்வாப்பிள்ளை சோற்றில் கை வைத்திருந்தார். கழுவாத கையோடு கொடுவாக்கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெட்டினார். கதியால் உடனே விழுந்தது, கம்பி விடவில்லை. தான் முறுக்கிய முறுக்கைத் தானே அவிழ்க்க முடியாமல் விரல் கிழிய நின்றார். ஒரு சுருட்டு முழுதாகப் புகைந்து முடிகிற நேரம் அது. அந்த நேரம் முழுவதும் குணலட்சுமி கண்ணாடிக்குள்ளால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோவில் பார்க்கிற பார்வை என்று அவர் நினைத்தார். பிறகு இராசநாயகமும் செபநாயகமும் அவரும் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். போய்விட்டது.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிறந்து அழவில்லை. “கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாம்,” என்றாராம் டொக்டர்.

ஆழ்வாப்பிள்ளை அன்றிரவு படுக்கவில்லை. இனி ஊர் தன் வாசலில் வந்து நின்று கேட்கப்போகிறது என்று காத்திருந்தார். கேட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஊர் வந்தது, புகழ்ந்தது! ஒரு சாண் வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிக் கோட்டுக்கு நடக்கிற சனம் அல்லவா? தன் வேலியைத் தானே வெட்டினவன் அவர்களுக்குத் தெய்வப் பிறவி. செபநாயகம் போகிற இடமெல்லாம், “அந்த மனுசன் இல்லையெண்டால் தாயும் போயிருப்பா,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இராசநாயகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “தன்ரை வேலியை வெட்டி வழி விடுற மனுசர் இந்த உலகத்திலை ஆர் இருக்கினம், அண்ணை?”

ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார். சுருட்டு விழுந்தது. சொல் விழவில்லை.

தைப்பொங்கலுக்கு முதற்பானைப் பொங்கல் புக்கை குணலட்சுமி வீட்டிலிருந்து வந்தது. ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஒவ்வொன்றும் இரண்டு கையால் பிடிக்கிற அளவு. “குணம் தானே பொறுக்கித் தந்துவிட்டவ,” என்று இராசநாயகம் கொண்டுவந்து வைப்பார். ஆழ்வாப்பிள்ளையால் அதை வாயில் வைக்க முடியவில்லை. கொட்டிலுக்குக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டார். அவர் செய்த குற்றத்தையெல்லாம் மாடு தின்று கொழுத்தது.

“தின்னுங்கோவன். வேலியை வெட்டினது நீங்கள்தானே,” என்றாள் மீனாம்பிகை.

“போட்டதும் நான்தானே!”

“அதை எனக்குச் சொல்லி என்ன? நான் எண்பத்தஞ்சிலையே சொன்னனான்.”

வெட்டிய இடத்தில் திரும்ப வேலி போடும்போது அவர் ஒரு முழம் உள்ளுக்கே போட்டார். புதிதாக வைத்த புகையிலை வரிசை வேலிக்கு வெளியே நின்றது. அதற்குக் கிட்டப் போகவும் அவருக்கு மனமில்லை. குருத்து முறிப்பாரில்லாமல் அது ஆளுயரத்துக்கு வளர்ந்து ரோசா நிறத்தில் பூத்துக் காய்த்தது. புகையிலையைப் பூக்க விடுகிற தோட்டக்காரனை அந்த ஊர் கண்டதில்லை. மனுசனுக்குத் தலையில் ஏதோ என்று ரகசியமாகக் கதைத்தார்கள். அடுத்த வருடம் இன்னும் ஒரு முழம் உள்ளுக்குப் போனார். றோட்டு அகலும் என்று பார்த்தால், இல்லை. எதிர்ப்பக்கத்து ஏரம்பு அதே அளவு முன்னுக்கு வந்திருந்தார்.

“என்னடா செய்யிறாய்?” என்று ஆழ்வாப்பிள்ளை குதித்தார்.

“நீ பின்னாலை போனாய், நான் முன்னாலை வந்தன். றோட்டு இருந்தபடிதானே கிடக்கு!”

“அது றோட்டடா!”

“ஆரின்ரை றோட்டு? நீதானே முதல் அடைச்சனி. இப்ப எனக்குத் தேவாரம் படிக்கிறாய்.”

ஆழ்வாப்பிள்ளை பின்வாங்கப் பின்வாங்க ஏரம்புவின் ஆட்டுக்கொட்டில் றோட்டுக்குள் வந்தது. இந்தக் கணக்கில் போனால் றோட்டு அகலாமலே தன் வீட்டு அடுக்களைக்குள்ளால் போகும் என்று அவர் கண்டுகொண்டார்.

தொண்ணூற்று நான்கு ஆனியில் இராசநாயகம் மாம்பழத்தோடு வந்தார். முகம் பூரித்திருந்தது. “அண்ணை, கண்படும் எண்டு இவ்வளவு நாளும் ஒருதருக்கும் சொல்லேல்லை, முதலிலை உங்களுக்குத்தான் சொல்லுறன். குணம் திரும்பப் பிள்ளைத்தாச்சி. ஆவணிக்குச் சொல்லுகினம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரு உதவி. கார் வாற நேரம் அந்த மூலையிலை கத்தியோடை ஒருக்கா நிண்டுகொள்ளுவியளே? போனமுறை மாதிரி.”

போனமுறை மாதிரி. ஆழ்வாப்பிள்ளை சுருட்டை அணைத்தார். “ஓம்,” என்றார். இராசநாயகம் போன பிறகு கொட்டிலுக்குள் போய் மாட்டோடு இருந்தார்.

வெள்ளிக்கிழமை வைரவர் கோயில் பூசை முடிந்து ஆட்கள் முற்றத்தில் நின்றபோது அவர் எழும்பினார். “எல்லாரும் வேலியைப் பழைய இடத்துக்கு எடுப்பம். றோட்டு றோட்டாக் கிடக்கட்டும். ஒரு பிள்ளை போனது போதும்.”

முணுமுணுப்பு. ஏரம்புதான் வாய் திறந்தார். “எடுப்பம், ஆர் மாட்டனெண்டது? ஆனால் பழைய இடம் எது? தார் இல்லை, கல் இல்லை. எல்லையைக் காட்டு, எடுக்கிறன். அந்த மைல்கட்டை நிண்டாலாவது சொல்லலாம், றோட்டுக்கரை இதுதான் எண்டு. அதுதான் டில்லியிலை நிக்குதே! போய்க் கேட்டுக்கொண்டு வாவன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளையும் சிரிக்கப் பார்த்தார்; வாய் கோணியது. தன் பொய் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு விளங்கியது. கல்லைக் காட்டினால் வழி திறக்கும். தான் யார் என்பதும் திறக்கும். காட்டாவிட்டால் ஆவணியில் கத்தியோடு நின்று இன்னொருமுறை தெய்வமாகலாம்.

விடிந்ததும் றோட்டுப் பக்கத்துக் கிடுகைப் பிய்க்கத் தொடங்கினார். முதலில் வேலிக் கிடுகு, பிறகு கொட்டிலின் சுவர்க் கிடுகு. மீனாம்பிகை வந்து பார்த்தாள். அவளும் மற்றப் பக்கத்தால் பிய்க்கத் தொடங்கினாள். வெயில் ஏறும்போது கொட்டில் எலும்புக்கூடாக நின்றது. றோட்டால் போனவர்கள் நின்றார்கள். மைல்கட்டை சாணத்துக்கு நடுவில், கழுத்துக் கயிறு சுற்றியபடி, வெள்ளை மினுக்கத்தோடு நின்றது. மாடு அசைபோட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்தது.

ஏரம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எட, டில்லியிலை மாடும் வளக்கிறாங்களோ!” பிறகுதான் கல்லிலிருந்து நேரே எதிர்ப்பக்கம் பார்த்தார். இரண்டு பஸ்ஸும் ஒரு மாட்டு வண்டியும் போகிற அகலத்தைக் கண்ணால் அளந்தார். அவருடைய ஆட்டுக்கொட்டில் வண்டிக்காரன் நித்திரை கொண்ட இடத்தில் நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது.

இராசநாயகம் சைக்கிளை விழுத்திவிட்டு வந்தார். கல்லைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சுண்ணாம்பாகியது. பின்னால் குணலட்சுமி இடுப்பில் கையூன்றிக்கொண்டு மெல்ல வந்தாள். சனம் விலகியது. சாணத்தைக் கடந்து போய், கல்லைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அதில் ஏறி இருந்தாள்.

“சின்னனிலை இதிலை இருந்துதான் நான் பள்ளிக்கூட பஸ் பாக்கிறனான், அண்ணை,” என்றாள். “கல்லு எங்கை நிண்டதெண்டு எனக்குத் தெரியாமல் இருக்குமே?”

“அப்ப அந்த இந்தியாக்காரன் கொண்டு போனதெண்டது?” என்றார் இராசநாயகம்.

“அது உங்களுக்குச் சொன்ன கதை. நீங்கள் மருதனார்மடத்தார்.”

“தெரிஞ்சுகொண்டே இவ்வளவு காலமும் மாம்பழம் தந்துவிட்டனீர்? அதுவும் நல்லதாப் பாத்துப் பொறுக்கி!”

“நல்ல பழமெண்டால் ஒருநாளைக்குத் தொண்டையிலை சிக்கும் எண்டுதான்.”

ஆழ்வாப்பிள்ளை, “பிள்ளை...” என்று தொடங்கினார்.

“ஒண்டும் சொல்லாதையுங்கோ அண்ணை. மன்னிச்சன் எண்டும் நான் சொல்லப்போறேல்லை. உந்த வழியை விடுங்கோ. அது போதும்.”

அவள் எழும்பிப் போய்விட்டாள். இராசநாயகம் போகவில்லை. வேலிக்கரையில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்தார். ஆழ்வாப்பிள்ளையின் கதியால்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினார்; வேர் அறுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆழ்வாப்பிள்ளை பின்னால் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கிச் சுமந்தார். பின்னேரம் ஏரம்புவின் ஆடுகள் வேறு இடத்துக்குப் போயின. அடுத்த கிழமைக்குள் மேலும் கீழும் எல்லா வேலிகளும் பின்னுக்கு நடந்தன. சில வேலிகள் வெட்கத்தில் தேவைக்கு மேலேயே போயின.

ஆவணியில் ஒரு காலை, ஒஸ்ரின் கார் இருமிக்கொண்டு வந்தது. ஆழ்வாப்பிள்ளை திருப்பத்தில் நின்றார், கையில் கத்தி இல்லாமல். கார் நிற்கவில்லை, நிற்க வேண்டிய தேவையும் இல்லை. நோவில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த குணலட்சுமி யன்னலால் எட்டிப் பார்த்து, “அண்ணை, மாட்டை வேறை இடத்திலை கட்டுங்கோ!” என்று கத்தினாள். வீடு திரும்பும்போது பெட்டைக் குழந்தை. அதன் அழுகை கார்ச் சத்தத்துக்கு மேலால் திருப்பம் வரைக்கும் கேட்டதாம். ஏரம்பு பண்டத்தரிப்பு வரைக்கும் கேட்டது என்பார்.

அடுத்த ஆனியில் அந்த வீட்டிலிருந்து மாம்பழம் வரவில்லை. இராசநாயகம் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். ஆழ்வாப்பிள்ளை தன் வளவுப் புளி மாமரத்தில் பழுத்த ஒன்றைப் பிடுங்கி, கொட்டை வரைக்கும் சூப்பித் தின்றார். மாடு எட்டி எட்டிப் பார்த்தது. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தத் திருப்பத்தால் நடக்கும்போது மட்டும், அவ்வளவு அகலமான றோட்டில், அவர் கரையோடு கரையாக ஒதுங்கித்தான் போவார். பின்னால் கார் ஒன்றும் வராவிட்டாலும்.